பரமதத்தன் ஏறிய கலம்: காரைக்கால் வணிகரின் கடல் முதலீடு பற்றிய ஓர் ஆய்வு

தென்னாட்டுக் கடல் வாணிகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அனைவரும் பேராசிரியர் க. அ. நீலகண்ட சாஸ்திரியாருக்குக் கடன்பட்டவர்களே. ஆயினும், ராஜ்ய எல்லைகளைப் பொருட்படுத்தாது தன்னாட்சியுடன் இயங்கிய பேரமைப்பாக ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவை அவர் தீட்டிய சித்திரம், அமைப்பின் கம்பீரத்தை முன்னிறுத்தியதனாலேயே, ஒரு கலத்தைக் கடலில் இறக்குவதற்கு முதல் கொடுத்த தனி மனிதரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கூட்டம் பெரிதாயிருந்தமையால் முதலும் கூட்டத்தின் பொதுச் சொத்தாகவே இருந்திருக்கும் என்ற எண்ணம் அதைப் படிப்பவர் உள்ளத்தில் எளிதாக எழுகிறது. அவ்வெண்ணத்தை நான் ஏற்பதற்கில்லை.

சாஸ்திரியார் 1932-இல் ஆராய்ந்து வெளியிட்ட, சுமத்திராவின் லோபு துவாவில் கிடைத்த தமிழ்ச் சாசனமே என் ஐயத்துக்கு முதற் காரணம். சக வருஷம் 1010, அதாவது கி.பி. 1088-இல், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் அங்கே கூடிச் செய்த ஏற்பாடு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு அதனைப் பின்னர் மீண்டும் படித்தளித்த பாடத்தின்படி, வந்து சேரும் மரக்கலத்தின் தலைவனும் கலத்தோரும் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாக ஆயம் செலுத்திய பின்னரே பட்டினத்துள் அடியெடுத்து வைக்கலாம். கலமும் சரக்கும் குழுவின் பொதுவுடைமையாயிருப்பின், குழு தன்னிடமிருந்தே தான் ஆயம் வாங்கியதாக முடியும். தன் சொந்தக் கலத்துக்கும் அது ஆயம் விதித்திருக்கலாமே என்று ஒருவர் மறுப்பாராயின், அம்மறுப்பை இச்சாசனம் ஒன்றைக்கொண்டு முற்றும் தள்ளிவிட இயலாது. ஆனால் குழு விதி வகுத்தது, ஆயம் பெற்றது, காவல் தந்தது என்பதற்குமேல், முதல் போட்டது என்று சொல்ல அக்கல்லில் ஓரெழுத்தும் இல்லை.

முதல் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கல்லில் அன்றி, சேக்கிழார் பாடிய காரைக்காலம்மையார் புராணத்தில் கிடைக்கிறது. பக்தி நூலென்று கருதிச் சரித்திரக்காரர் அதனை விரைந்து கடந்துவிட்டனர். நாகை நிதிபதியின் மகன் பரமதத்தன், மாமனார் தனதத்தன் அளித்த பெருநிதியைக் கொண்டு காரைக்காலில் வாணிகத்தைப் பெருக்குகிறான். இது குடும்பத்தின் முதல். மனைவியான அம்மையார் இறையருளால் மாங்கனி வருவித்த அற்புதத்தைக் கண்டு அஞ்சி அவரை விட்டகல நினைக்கும்போதோ, அவன் மாமனாரின் நிதியோடு மட்டும் நிற்கவில்லை. கலமேறிச் சென்று பெருநிதி கொணர்வேன் என்று அவன் அறிவிக்க, கிளைஞரான வணிகர் பலர் சேர்ந்து அவனுக்கு மரக்கலம் கட்டுவிக்கின்றனர். அடுத்த பாட்டில் கலத்துக்கு வேண்டிய கம்மியர் உடன் சேர்கின்றனர்; போகும் நாடுகளில் விரும்பப்படும் பண்டம் நிறைய ஏற்றப்படுகிறது; கடல் தெய்வத்தை வணங்கி, நல்ல நாளில் அவன் கலமேறுகிறான். முயற்சி ஒருவனுடையது, அதற்கான கலம் பலருடைய பொருளால் ஆயது, அப்பலரும் அரசரோ கோயிலோ ஐந்நூற்றுவரோ அல்லர், அவனை அறிந்த தனி வணிகர். ஒரு தொழில் முனைவோன் தன் திட்டத்தை எடுத்துரைத்துத் தனியாரிடம் முதல் திரட்டியதற்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று தமிழில் நான் கண்டதில்லை.

இது எந்தக் காலத்து வழக்கம்? அம்மையாரை ஐந்தாம் நூற்றாண்டினர் என்போரும் ஆறாம் நூற்றாண்டினர் என்போரும் உளர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. சேக்கிழாருக்கு முந்திய நூல்களிலோ, சுந்தரர் அம்மையாரைப் பெயரளவில் வணங்கிச் செல்கிறார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி அவர் தலையால் நடந்து கயிலையேறியதைப் போற்றுகிறதேயன்றி, மரக்கலம் கட்டிய செய்தி அங்கே இல்லை. ஆகவே அச்செய்தியை, இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சியில் (1133–1150) வாழ்ந்தவராகக் கருதப்படும் சேக்கிழாரின் காலத் துறைமுக வழக்கத்துக்குச் சான்றாகக் கொள்வதே நேரிது என்பது என் துணிபு. லோபு துவாச் சாசனத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டே கிடக்கிறது. இம்முதலைக் கோயில் கொடுத்த கடனோடு குழப்பலாகாது. தஞ்சைப் பெரியகோயில் காசு ஆண்டுக்கு எட்டிலொரு பங்கு பொலிசைக்கு, அதாவது வட்டிக்கு, ஊர்ச்சபைகளிடம் வைக்கப்பட்டதை நாம் அறிவோம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் செலுத்தியாக வேண்டிய நிரந்தரப் பொலிசை அது. கலம் கவிழ்ந்தால் முதலும் போகும் என்றறிந்தே கொடுக்கப்படும் பணம் முற்றிலும் வேறு இனத்தது.

பிற்காலத்தில் இதற்கு ஒப்பானது உண்டா? 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் நிறுவனத்துக்குப் பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளால் பத்து லட்சம் திரட்ட முனைந்தபோது, வடிவம் ஆங்கிலச் சட்டத்தினது. அதை இவ்வழக்கத்தின் நேர் வாரிசென்று சொல்லமாட்டேன். காரைக்கால்மேடு உள்ளிட்ட இக்கரை மீனவ ஊர்களின் பங்கு முறையே எனக்கு அதனினும் நெருக்கமாகத் தோன்றுகிறது. கடலுக்குப் போய் வந்த செலவைக் கழித்து, படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஆளுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். மீன்பாடு இல்லாத நாளில் பங்கும் இல்லை. வியாபாரி வட்டியின்றி முன்பணம் கொடுத்து, பிடித்த மீனைத் தன்னிடமே விற்கும் உரிமையைப் பெறுகிறான். சுருக்குமடி போன்ற பெருவலைகளைப் பலர் பங்கு போட்டு வாங்குவதும் இச்சோழமண்டலக் கரையில் உண்டு. மீனவரான பட்டினவர் வேறு, வணிகர் வேறு. எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை நிரப்பும் ஆவணமும் இல்லை. ஆதலால் தொடர்ச்சி என்று கூறாது, ஒரே கடலின் ஆபத்து ஒத்த ஏற்பாடுகளைத் தோற்றுவித்தது என்ற அளவில் நிறுத்துகிறேன்.

ஒன்று மட்டும் தீராமல் நிற்கிறது. பரமதத்தன் பெரும்பொருள் ஈட்டிப் பாண்டி நாட்டுப் பட்டினமொன்றில் தங்கி, வேறு மணமும் செய்துகொண்டான். செய்தியறிந்த சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையேற்றி அவனிடம் அழைத்துச் சென்றனர். கலத்துக்குப் பொருள் தந்த கிளைஞரும் அச்சுற்றத்தாரும் ஒரே கூட்டத்தினராதல் கூடும். ஆனால் அவர்களுடைய முதலும் லாபமும் திரும்பினவா என்பதைப் பற்றிச் சேக்கிழார் ஒன்றும் சொல்லவில்லை.