விசாரணைக் கட்ட வழக்கறிஞர் உதவி (சிங்கப்பூர்)

கைதானவர் குற்றஞ்சாட்டப்படும் முன்பே வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமை. அரசியலமைப்பின் 9(3) பிரிவில் அடங்கியது. அடுத்த உட்பிரிவு, அவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்தக் கோருகிறது. ஆயினும் வழக்கறிஞரைச் சந்திப்பது உடனடி உரிமையன்று. நியாயமான காலத்துக்குள் அனுமதித்தால் போதும் என 1994இல் கூறிய மேல்முறையீட்டு நீதிமன்றம், 2014இலும் அதையே உறுதிசெய்தது. இதனால் காவல்துறை வாக்குமூலம் பெரும்பாலும் வழக்கறிஞர் இன்றியே பதிவாகிறது. உரிமை மெலிந்து நிற்கும் இடம் இதுவே. எனினும் தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் விடையைக் கூற விசாரிக்கப்படுபவர் கடமைப்பட்டவரல்லர்.

வழக்கறிஞர் உதவி தாமதமாவதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரம்; அதில் 25 இந்தியத் தொழிலாளர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்கு வழக்கறிஞர் சங்கத்தின் இலவச உதவி குற்றச்சாட்டுக்குப் பின்னரே வந்தது. 2022இல் தொடங்கிய பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகமும் குற்றஞ்சாட்டப்பட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது.