அடுக்களையிலிருந்து ஆலைக்கு: இங்கிலாந்தில் இல்லத்துப் பியர் வடிப்பு

மதுவுண்டல் நன்றோ தீதோ என்பது அறநூலார் ஆராய்ச்சிக்குரியது. ஈண்டு ஆராயப்படுவது பொருளியல் வரலாற்றின்பாற்பட்ட வேறொரு வினா. தேயிலையும் கோப்பியும் ஐரோப்பாவிற் புகுமுன், இங்கிலாந்து மக்களுக்கு வாற்கோதுமையிலிருந்து வடித்த பானம் அன்றாட உணவின் ஒரு கூறாயிருந்தது. அதனை ஆக்குதல், அப்பஞ் சுடுதல் போலவும் வெண்ணெய் திரட்டுதல் போலவும், இல்லத்தரசியின் கடன்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. ஓர் அடுக்களையில் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பானங்களை வடித்தெடுக்கும் அளவுக்கு வளர்ந்த இக்கைத்தொழில், எக்காரணம்பற்றிப் பெண்டிர் கையைவிட்டும் வீட்டைவிட்டும் நீங்கியது என்பதே அவ்வினாவாகும்.

முதற்கண் தொழின்முறையைச் சிறிது அறிதல் வேண்டும். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைவிடச் செய்து, பின்னர் சூட்டில் உலர்த்துவர். இவ்வாறு பெற்ற முளைத்தானியத்தை உடைத்து வெந்நீரில் ஊறவிட, அதன் மாப்பொருள் வெல்லமாக மாறி இனிய சாறாக வடியும். இதனை ஊறல் எனலாம். ஊறல் ஆறியபின் மதுவஞ் சேர்ப்பின், அது நொதித்துப் பானமாகும். ஹொப்புச் சேராத இப்பானத்தை ஆங்கிலேயர் ஏல் என வழங்கினர். ஏல் சில நாட்களிலேயே புளிக்கத் தொடங்கும். தொலைவிடங்களுக்குக் கொண்டுசெல்லவும் இயலாது. இக்குறைபாடே நெடுங்காலம் அத்தொழிலின் அமைப்பை வகுத்து நின்றது.

ஏல் விரைவிற் கெடுமாதலின், வடித்த வீட்டார் தாம் பருகி எஞ்சியதை அயலார்க்கு உடனே விற்றனர். தம்மிடம் இல்லாத போழ்து அயலாரிடமிருந்து தாமும் வாங்கினர். இங்ஙனம் இன்று ஒரு வீடு, நாளை மற்றொரு வீடு என முறைமாறி வடித்தலால், தொழில் ஒருவர் கையிற் குவியாது ஊரெங்கும் பரந்து கிடந்தது. 1266-67ஆம் ஆண்டுகளைச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் அப்பமும் ஏலும் பற்றிய சட்டம், தானிய விலைக்கேற்ப ஏலின் விலையை வரையறுத்தது. பானத்தைச் சுவைத்துத் தரங் காண்பதற்கு ஊர்தோறும் அலுவலர் அமர்த்தப்பட்டனர். சட்டத்தை மீறியோர்க்கு விதித்த தண்டப்பணம், நாளடைவில் வடிப்போர் அனைவரிடத்தும் பெறும் உரிமக் கட்டணம் போலாயிற்று. இத்தண்டங்களைக் குறித்த ஊர்மன்றப் பதிவேடுகளே இன்று வரலாற்றாசிரியர்க்குக் கிடைத்துள்ள பெருஞ்சான்று. ஜூடித் பெனெற் என்னும் வரலாற்றறிஞர் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலிலே, நோதாம்ப்ரன்சயர்ப் பகுதியிலுள்ள பிரிக்ஸ்ரொக் என்னும் ஊரில், 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்கு முற்பட்ட காலத்தில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பெண்டிர் ஏல் வடித்து விற்றனர் எனவும், அவர் அவ்வூர்ப் பெண்டிருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் எனவுங் காட்டியுள்ளார்.

எனினும் இத்தொழில் இடரில்லாததன்று. லின் நகரத்து மார்ஜரி கெம்ப் என்னும் அம்மையார் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் அந்நகரின் பெரிய வடிப்போருள் ஒருவராய் விளங்கினார். பின்னர் நுரைத்தெழுந்த மதுவம் ஒவ்வொரு முறையும் திடீரென அமிழ்ந்து போக, பெரும்பொருளை இழந்தார். தமது செருக்கின் பொருட்டு இறைவன் தந்த தண்டனை இதுவென அவர் கொண்டதை அவர்தம் வரலாற்று நூல் கூறுகின்றது. மதுவம் ஓர் உயிர்ப்பொருள் என்பதும், வேற்று நுண்ணுயிர் புகின் பானங் கெடும் என்பதும் 19ஆம் நூற்றாண்டில் பாஸ்ரரின் ஆராய்ச்சியாலேயே தெளிவாயின. அதற்கு முன்னர் வாழ்ந்த இல்லத்தரசிக்கு வெப்பமானியும் இல்லை. கொதித்த நீரின் ஆவி அடங்கித் தன் முகம் நீரிலே தெரியும் நிலையே தானியத்தில் ஊற்றுதற்குரிய பதம் என்று அவள் கொண்டாள்.

இந்நிலையை மாற்றியது ஹொப்பு என்னுங் கொடியின் பூ. அதனை ஊறலுடன் சேர்த்துக் கொதிக்க வைப்பின் பானத்திற்குக் கைப்புச் சுவை உண்டாவதோடு, அது நெடுநாள் கெடாதும் இருக்கும். ஹொப்புச் சேர்ந்த பியர் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து இங்கிலாந்திற்குக் கப்பலில் வந்தது. அடுத்த நூற்றாண்டிலே அந்நாட்டினின்று குடியேறியோர் அதனை இங்கிலாந்திலேயே வடிக்கலாயினர். 1574இல் ஹொப்புத் தோட்டம் பற்றி நூலெழுதிய றெஜினோல்ட் ஸ்கொட், ஒரு புசல் முளைத்தானியத்தில் எட்டு அல்லது ஒன்பது கலன் ஏல் கிடைக்கும் என்றும், அதே தானியத்தில் பதினெட்டு முதல் இருபது கலன் பியர் கிடைக்கும் என்றுங் கணக்கிட்டார். ஏல் கெடாதிருக்க வேண்டின் ஊறல் செறிவாயிருத்தல் வேண்டும். பியரையோ ஹொப்பே காத்தது.

புதிய முறை முதலில் இல்லத்தரசிக்கும் நன்மையே செய்தது. சில நாட்களுக்கொருமுறை செய்த வேலையை மாதத்திற்கொருமுறை செய்தல் கூடுவதாயிற்று. இதற்குச் சிறந்த சான்று எசெக்ஸ் பகுதியிலுள்ள றட்வின்ரர் என்னும் ஊரின் மதகுருவான வில்லியம் ஹரிசன் எழுதிய இங்கிலாந்து வருணனை. 1577இல் வெளிவந்து 1587இல் விரிவாக்கப்பட்ட அந்நூலிலே, தம் மனைவியும் பணிப்பெண்களும் மாதந்தோறும் பியர் வடித்தவாற்றை அவர் நுணுக்கமாக விவரித்துள்ளார். எட்டுப் புசல் முளைத்தானியத்தை வீட்டுத் திரிகையிலேயே அரைத்தமையால் ஆலைக்குக் கொடுக்கவேண்டிய கூலி மிஞ்சியது. அதனுடன் அரைப் புசல் கோதுமை மாவும் அவ்வளவு ஓற்ஸ் மாவுங் கலக்கப்பட்டன. முதலில் எண்பது கலன் வெந்நீர் தானியத்தின்மேல் மெல்ல ஊற்றப்பட்டது. அந்த ஊறல் வடிந்ததும் இரண்டாம் நீரும், அதன்பின் மூன்றாம் நீரும் ஊற்றப்பட்டன. ஓர் ஊறல் கொப்பரையில் ஹொப்புடன் கொதிக்கையில் மற்றொன்று தானியத்தில் ஊறும், பிறிதொன்று ஆறும். முதலூறலில் எட்டொன்பது கலன் தனியே எடுத்து, காற்றுப் புகாவண்ணம் மூடி, நிறத்தின் பொருட்டுச் சேமிக்கப்பட்டது. மூன்று ஊறல்களையும் ஒரு கொப்பரையைக் கொண்டே அடுத்தடுத்து நடாத்துதல் எத்துணைத் திட்டமிட்ட வேலை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஹரிசனின் இல்லத்தில் ஊறல்கள் இறுதியில் ஒன்றாகக் கலக்கப்பட்டன. வேறு இல்லங்களில் அவை தனித்தனியே நொதிக்க விடப்பட்டன. முதலூறல் செறிந்த பியராகும், அடுத்தது நடுத்தரமானது, கடைசியாக வடிவது மென்பியர் எனப்படும். மென்பியர் வேலையாட்களும் சிறுவரும் பருகுதற்குரியது. ஜேவாஸ் மார்க்கம் 1615இல் வெளியிட்ட இல்லத்தரசிக்கான நூலும், ஒரே தானியத்தினின்று உயர்ந்த மார்ச்சு மாதப் பியரையும் அதற்கடுத்த தரங்களையும் பெறும் முறையைக் கற்பிக்கின்றது. தானியத்தை முளைவிக்கும் வேலை ஆடவராற் செய்யப்படினும், அது பெண்ணின் பொறுப்பே என்பதும் அவர் கருத்து. எஞ்சிய சக்கை கால்நடைக்கு உணவாயிற்று. மதுவம் அப்பத்திற்கும் அடுத்த வடிப்பிற்கும் உதவிற்று. இங்ஙனம் எதுவும் வீணாகாத ஒரு சிறு பொருளாட்சி அவ்வடுக்களையில் நிலவியது.

ஆயினும் பானம் கெடாதிருத்தல் என்னும் அந்த நன்மையே அத்தொழிலை அடுக்களையினின்று பெயர்த்தது. கெடாத பொருளைப் பெருமளவில் ஆக்கலாம், களஞ்சியத்தில் வைக்கலாம், கப்பலிற் படைகளுக்கும் அனுப்பலாம். அவ்வாறு ஆக்குவோருக்குப் பெருஞ் செப்புக் கொப்பரைகளும், பீப்பாக்களும், அவற்றை வாங்குவதற்கு முதலும், பணம் வந்துசேருமளவும் பொறுத்திருக்கும் ஆற்றலும் வேண்டும். மணமான பெண் தன் பெயரில் உடன்படிக்கை செய்தற்கும் கடன் பெறுதற்கும் அக்காலச் சட்டம் பெருந்தடையாயிருந்தது. வடிப்போர் சங்கங்களிலும் ஆட்சி ஆடவர்க்கே உரியதாயிற்று. பெண்டிர் திறன் குன்றியமையால் தொழிலை இழந்தாரல்லர்; தொழில் முதலை வேண்டி நின்றபோது முதலை அடையும் வழி அவர்க்கு அடைபட்டிருந்தது. பெனெற் அம்மையாரின் ஆராய்ச்சி வலியுறுத்தும் முடிபும் இதுவே.

விற்பனைக்கு வடித்தல் நீங்கியபின்னும், வீட்டுத்தேவைக்கு வடித்தல் சிற்றூர்களிலே நெடுங்காலம் நிலைத்தது. அதனையும் வரிகளும் விலையேற்றமும் நலிவித்தன. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் ஆலைகள் வெப்பமானியையும் அடர்த்திமானியையுங் கையாண்டு பேரளவில் வடிக்கலாயின. வில்லியம் கொபெற் என்பார் 1821-22ஆம் ஆண்டுகளில் எழுதிய குடிசைப் பொருளியல் பற்றிய நூலிலே, நாற்பதாண்டுகளுக்கு முன்னர்த் தொழிலாளர் இல்லங்களிற் பரவலாயிருந்த இவ்வழக்கம் தம் காலத்தில் அருகியமைக்கு இரங்கி, முளைத்தானியத்தின் மீதும் ஹொப்பின் மீதும் விதித்த வரிகளைக் கடிந்தார், தேயிலையையும் பழித்தார். 1880இல் முளைத்தானிய வரி நீக்கப்பட்டதாயினும், வீட்டில் வடிப்போர் உரிமம் பெறல் வேண்டுமென்னும் விதி வந்தது. அவ்விதி 1963இல் நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் காலத்திலேயே ஒழிக்கப்பட்டது.

அதன்பின் இவ்வழக்கம் பொழுதுபோக்காகப் புத்துயிர் பெற்றது. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் ஒப்பமிட்ட சட்டம், வளர்ந்தோர் இருவரோ பலரோ வாழும் ஒரு வீட்டில் ஆண்டொன்றுக்கு இருநூறு கலன் பியரை வரியின்றி வடிக்க இடமளித்தது. றட்வின்ரர் மதகுருவின் மனைவி ஒரு மாதத்தில் வடித்ததும் இருநூறு கலனே. கலன் அளவு இரு நாட்டிலும் சிறிது வேறுபடினும், பொழுதுபோக்குக்கும் வாழ்க்கைத் தேவைக்கும் இடையிலுள்ள தொலைவை இவ்வொப்பீடு உணர்த்தும்.

அந்த இருநூறு கலனுக்கு ஆன செலவை ஹரிசன் கணக்கிட்டுள்ளார். முளைத்தானியம் பத்துச் சிலிங். விறகு நான்கு சிலிங். ஹொப்பு இருபது பென்ஸ். வாசனைப் பொருள் இரண்டு பென்ஸ். பணியாட்களின் கூலி, உணவுட்பட, இரண்டு சிலிங் ஆறு பென்ஸ். பாத்திரத் தேய்மானம் இருபது பென்ஸ். ஆக மொத்தம் இருபது சிலிங். கணக்கு ஒரு பென்ஸும் பிழையின்றி ஒத்துவருகின்றது. பாத்திரங்களின் தேய்மானத்திற்கும் அதில் இடமுண்டு; முந்நீரையும் முறைப்படுத்தி நின்ற மனைவியின் உழைப்புக்கோ அதில் ஒரு வரிதானும் இல்லை. ஒரு தொழில் எவ்வாறு கைமாறியது என ஆராய்வோர், அது கைமாறுமுன்னரே அதன் மதிப்பு எழுதப்படாதிருந்தமையையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.