குறியும் திறவுகோலும்: ஊவாத் தோட்டப் பதிவுகளும் கணினிக் கோப்புகளின் இடமாற்றமும்

ஒரு சமுதாயத்தின் வரலாறு அது விட்டுச்சென்ற எழுத்துக்களிலே தங்கியுள்ளது என்பர். எழுத்து நிலைத்தாற் போதும், வரலாறும் நிலைக்கும் என்று கருதுவோர் உளர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. எழுத்தைத் தாங்கிய பொருள் அழியாதிருத்தல் ஒன்று. அவ்வெழுத்தின் கருத்தைத் திறந்து காட்டும் திறவுகோல் அழியாதிருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே நிலைபெற்றாலன்றி ஓர் ஆவணம் வாழ்வதில்லை. இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பழைய பதிவுகளும், 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தமிழிற் பொறிக்கப்பட்டுப் பழைய கணினிகளில் தங்கிவிட்ட கோப்புகளும் இவ்வுண்மையையே புலப்படுத்துகின்றன.

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் நலிவுற்றதன் பின்னர், அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, நமுனுகுலை முதலிய மலைச்சாரல்களிலே தேயிலை பரவிற்று. இருப்புப்பாதை 1894இற் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் அடைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் பலர் சிறு உலோக வில்லை ஒன்றைக் கொண்டுவந்தனர். தகரச் சீட்டு எனப்பட்ட அவ்வில்லையில் ஆளின் பெயரில்லை. பிறந்த ஊரின் பெயருமில்லை. தோட்டத்தைச் சுட்டும் குறியும், தொழிலாளரைச் சுட்டும் எண்ணுமே பொறிக்கப்பட்டிருந்தன. முகாம் அலுவலர் அதனைக் கண்டு ஆளை உரிய தோட்டத்துக்கு அனுப்புவர். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கிலே எழுதப்படும். அந்த எண்ணுக்கு உரியவர் யாவர் என்பதைக் கூறும் பேரேடு இருந்தவரை, அவ்வில்லை ஒரு மனிதரைக் குறித்தது. பேரேடு மறைந்த பின்னர் அதே வில்லை வெறும் உலோகத் துண்டாயிற்று. குறி நிலைத்தது, திறவுகோல் தொலைந்தது.

தோட்டத்திலே நாள்தோறும் எழுதப்பட்ட பதிவுகளுள் முதன்மையானது 'செக்றோல்' ஆகும். விடியற்காலையிற் பெரட்டுக் களத்தில் ஆளெண்ணி, வேலை பிரித்து, 'பேர் போடுதல்' என்பது தோட்ட வாழ்வின் நித்திய கருமமாயிற்று. சம்பளக் கணக்குக்காகவே அவ்வேடு எழுதப்பட்டது. வரலாற்றை எண்ணி எழுதப்பட்டதன்று. ஆயினும் ஒரு காலத்திலே அவ்வேடே ஒரு குடும்பத்தின் தலைவிதியை நிர்ணயிக்கும் சான்றாயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் விவாகமானோர் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்தமையை நிறுவ வேண்டுமென விதித்தது. ஏறத்தாழ 825,000 பேரின் பொருட்டு ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. மறுப்புக்குக் காரணங்கள் பல. போதிய எழுத்துச் சான்று காட்ட இயலாமை அவற்றுள் முக்கியமானதாகும். இப்பிரச்சினையைத் தீர்க்கும் பொருட்டு 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியபோதும், அந்த 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இந்நாட்டில் நிலையாக வசித்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் என்றே உரியோரை வரையறுத்தது. ஆகவே பழைய ஏடு என்பது மலையகத் தமிழருக்குப் பழம்பெருமை பேசும் பொருளன்று. தம் இருப்பை நிறுவும் கருவியாகும். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் அலுவலக ஏடுகளும் கைமாற வேண்டியவாயின.

ஒரு தாங்கியிலிருந்து மற்றொரு தாங்கிக்கு எழுத்தைப் பெயர்த்தல் தமிழருக்குப் புதிய கருமமன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தபோது, சிதைந்து ஒடியும் ஏடுகளிலிருந்து தாளுக்கு நூல்களைக் கரையேற்றினார்கள். அப்பணி வெறும் பிரதிசெய்தலன்று. ஏட்டெழுத்திற் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெளிவாகக் காட்டப்படுவதில்லை. யாப்பும் இலக்கணமும் அறிந்தவரே சரியான பாடத்தைத் துணிய இயலும். ஏடு குறியாயிற்று, பதிப்பாசிரியரின் புலமை திறவுகோலாயிற்று.

கணினி யுகத்தில் இதே சிக்கல் நூற்றாண்டுக் கணக்கிலன்றிப் பத்தாண்டுக் கணக்கில் மீண்டும் மீண்டும் எழுந்தது. 1982ஆம் ஆண்டிலே கொமடோர் 64, சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் ஆகிய வீட்டுக் கணினிகள் வெளிவந்தன. ஸ்பெக்ட்ரம் தன் கோப்புகளைச் சாதாரண ஒலிநாடாவில் ஒலியாகப் பதிந்தது. இன்று அவ்வொலியை நவீன கணினியிற் பதிந்து, ஒரு நிரலின் உதவியால் அதனை மீண்டும் எண்களாக்கலாம். கொமடோரின் நிலை வேறு. அதன் 1541 வட்டியக்கி ஒரு வட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 170 கிலோபைற் பதிந்தது. ஆயின் அது காந்தப் பதிவு செய்த முறை ஏனைய கணினிகளின் முறையன்று. ஆதலால் வட்டு இயக்கியினுள் நுழையும் அளவினதாயினும், சாதாரண இயக்கி அதனைப் படிக்க மாட்டாது. பழைய இயக்கியையே தக்க இணைப்புக் கருவி கொண்டு புதிய கணினியுடன் பொருத்துவது ஒரு வழி. இரு கணினிகளையும் வடத்தினால் இணைத்து, ஒன்று அனுப்ப மற்றொன்று பெறச் செய்வது மற்றொரு வழி.

வடவழி இடமாற்றத்திற் கவனம் வேண்டும். கொமடோரின் புறவாயில் 5 வோல்ற் மின்னழுத்தத்தில் இயங்குவது, ஆர்.எஸ். 232 எனும் பொதுத்தரமோ நேர், எதிர் அழுத்தங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. இடையே மாற்றி ஒன்று இன்றி நேரே இணைப்பின் பழைய பொறி பழுதுறும். மின்னிணைப்புச் சரியாயினும் வடத்தில் எழும் இரைச்சலால் எழுத்துக்கள் பிறழக்கூடும். இதற்கு மருந்தாக 1977இல் வார்ட் கிறிஸ்ரென்சன் எக்ஸ்மோடெம் எனும் நெறிமுறையை வகுத்தார். கோப்பு 128 பைற் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டுடனும் அதன் கூட்டுத்தொகையினின்று பெறப்பட்ட சரிபார்ப்பு எண்ணும் செல்லும். பெறுவோன் கணக்கிட்டுப் பார்த்து, பிழையாயின் மீண்டும் கேட்பான். 1981இற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிற், வேறுபட்ட இயல்புடைய பொறிகளுக்கிடையே இதே பணியைச் செய்தது.

எனினும், பிழையின்றி வந்து சேர்ந்த கோப்பும் பொருளின்றி நிற்கக்கூடும். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 65 முதல் 90 வரையுள்ள எண்கள் ஆஸ்கி எனும் பொதுமுறையில் ஆங்கிலப் பேரெழுத்துக்களைக் குறிக்கும். கொமடோரிலோ, இருவகை எழுத்தும் வழங்கும் நிலையில், அவை சிற்றெழுத்துக்களைக் குறிக்கும். எனவே எண்களை மாற்றாது பெயர்த்த கடிதம் பேரெழுத்துக்குச் சிற்றெழுத்தும், சிற்றெழுத்துக்குப் பேரெழுத்துமாக முறைமாறி நிற்கும்.

திறவுகோல் தொலையும் அபாயத்துக்கு உலகறிந்த உதாரணம் இங்கிலாந்தில் உண்டு. 1086இல் முதலாம் வில்லியம் மன்னன் தொகுப்பித்த டூம்ஸ்டே ஏடு இன்றும் படிக்கத்தக்கதாக உள்ளது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி பி.பி.சி. நிறுவனம் 1986இற் புதிய டூம்ஸ்டே ஒன்றை லேசர் வட்டுக்களில் வெளியிட்டது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அதற்கு உதவினர். அவர்களுட் பெரும்பாலோர் பாடசாலை மாணவர். பதினாறு ஆண்டுகள் செல்வதற்குள், அவ்வட்டைப் படிக்கும் கருவிகள் அருகி, அத்தொகுப்பே மறையும் நிலை எய்திற்று. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பழைய பொறியின் இயக்கத்தைப் புதிய கணினியிலே போலச் செய்து அதனை மீட்டனர்.

தமிழ்க் கோப்புகளில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. 1980களிற் கனடாவிலே சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவிலே முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு ஆகிய மென்பொருள்கள் கணினியில் தமிழ் எழுத வழிசெய்தன. அதன்பின் எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி எண்முறை கொண்டது. இலங்கையிற் பாமினி எனும் எழுத்துரு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பெருவழக்காயிற்று. அது ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. யுனிகோட் எனும் ஒருங்குறி 1991இலேயே தமிழுக்குத் தனியிடம் வகுத்தபோதும், அது நாளாந்த வழக்கில் வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

பதுளை எனும் பெயரையே உதாரணமாகக் கொள்ளலாம். பாமினியில் அப்பெயர் 103, 74, 105, 115 என்னும் நான்கு எண்களாகப் பதியப்படும். அவை முறையே பகரம், 'து', ஐகாரக் குறி, ளகரம் என்பவற்றைக் குறிப்பன. பாமினி இல்லாத கணினியில் அவ்வெண்கள் ஜீ, ஜே, ஐ, எஸ் எனும் ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். ஒருங்குறியிலோ அதே பெயர் 2986, 2980, 3009, 2995, 3016 என்னும் ஐந்து எண்களாகும். 'து' என்பது தகரமும் உகரக் குறியுமாக இரண்டாய்ப் பிரியும். கண்ணுக்கு முன்னே தோன்றும் ஐகாரக் குறி, ஒலிமுறைக்கேற்ப ளகரத்தின் பின்னே செல்லும். 'கொழுந்து' என்னும் சொல்லின் முதலெழுத்தும் அத்தகையது. பாமினியில் அது கொம்பு, ககரம், கால் என 110, 102, 104 ஆகிய மூன்று எண்களாகும். ஒருங்குறியிற் கொம்பும் காலும் ஒன்றாய் இணைய, 2965, 3018 என இரண்டாகச் சுருங்கும். ஆகவே இம்மாற்றம் ஓரெண்ணுக்கு மற்றோரெண்ணை ஈடாக வைக்கும் கணக்கன்று. தமிழெழுத்தின் அமைப்பை உணர்ந்து செய்யவேண்டிய ஒன்றாகும்.

மாற்றி நிரல்கள் இன்று பல உள. அவை செய்ய இயலாததும் உண்டு. ஒரே கோப்பில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருப்பின், எவ்விடத்தில் எவ்வெழுத்துரு என்பதைக் கோப்பின் வடிவமைப்புக் குறிப்பே காட்டும். அக்குறிப்பை நீக்கி வெறும் எழுத்தாகச் சேமித்துவிட்டால், ஆங்கிலத்திலுள்ள தோட்டப் பெயரும் பொருளற்ற தமிழாக மாறும். தகரச் சீட்டின் எண்ணிலிருந்து பேரேட்டைப் பிரித்ததற்கு இது ஒப்பாகும்.

பதுளை மாவட்டத்தின் பாடசாலைகள், கோயில்கள், சங்கங்கள் ஆகியவற்றுள் எவையெல்லாம் 1990களிலும் அதன் பின்னரும் தம் மலர்களையும் உறுப்பினர் பதிவுகளையும் கணினியிற் பொறித்தனவோ, அவற்றுக்கெல்லாம் இவ்விடயம் அவசரமானது. 1.44 மெகாபைற் கொள்ளும் நெகிழ்வட்டின் காந்தப்பூச்சு ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் கெடுவது; மழையும் பனிமூட்டமும் மிக்க மலைநாட்டில் அவ்வபாயம் பெரிது. முதலில் வட்டின் முழுப் பிரதி ஒன்றை எடுத்தல் வேண்டும்; மாற்றம் செய்வது அதன் பின்னரே. மூலக்கோப்பைத் திருத்தாது வைத்து, எழுத்துருவின் பெயர், மென்பொருளின் பெயர், எழுதப்பட்ட ஆண்டு ஆகியவற்றை உடன் எழுதிவைத்தல் வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய பிரதியைத் தமிழறிந்த ஒருவர் மூலத்துடன் ஒப்புநோக்குதல் வேண்டும். பின்னர் அதனை ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களிலே பேணுதல் வேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எனும் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேகரித்துப் பேணி வருகின்றமை இதற்குத் துணையாகும்.

பிறர் எழுதிவைத்த ஏடு கிடைக்காமையால் நாடற்றோராக நின்ற மக்களின் சந்ததியினர், இன்று தாமே எழுதும் நிலையை அடைந்துள்ளனர். அவர்களின் பாட்டன்மார் பெயர்கள் அடங்கிய ஏடுகள் தோட்ட அலுவலகத்துக்குரியனவாயிருந்தன. அவற்றின் திறவுகோல் அவர்கள் கையில் இருந்ததில்லை. இன்றைய கோப்பும் அதன் திறவுகோலும் அவர்களிடமே உள்ளன. கோப்பை மட்டும் வைத்துத் திறவுகோலை மறந்துவிடின், பெயரற்ற தகரச் சீட்டு மீண்டும் ஒரு முறை வழங்கப்பட்டதாகவே முடியும். அதனைத் தவிர்ப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பழைய பொறி இயங்கும் காலத்திலேயே, வட்டுடன் அதன் விளக்கத்தையும் சேர்த்துப் பெயர்த்துவைக்கும் பொறுப்புணர்ச்சியே வேண்டும்.