மேஜை நடுவே ஒரு சர்க்கரைக் கடல்

டிசம்பர்ல நண்பனோட கல்யாண ரிசப்ஷன். சாப்பாட்டு மேஜை நடுவுல அலங்காரமா என்ன வைக்கலாம்னு தேடப் போய், 1565 பிரஸ்ஸல்ஸ்ல வந்து நின்னேன்.

அந்த நவம்பரில் போர்ச்சுகல் இளவரசி மரியாவுக்கும் அலெஸாண்ட்ரோ ஃபர்னேஸேவுக்கும் அங்கே திருமணம். ஆன்ட்வெர்ப் நகரம் கொடுத்த பரிசு, 3,000-க்கும் மேற்பட்ட சர்க்கரைப் பொம்மைகள். கப்பல், திமிங்கலம்னு மணமகள் லிஸ்பனிலிருந்து கடல்வழியா வந்த கதை முழுக்க மேஜைமேல! விருந்தில் தட்டும் கத்தியும்கூட சர்க்கரைதான்.

அந்தக் காலத்தில் ஆன்ட்வெர்ப்புக்குச் சர்க்கரை வந்த இடங்களில் ஒன்று சாவோ தோமே தீவு. அங்கே கரும்பு வெட்டியவங்க, ஆப்பிரிக்காவிலிருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகள். அவங்களும் கடல்வழியாத்தான் வந்தாங்க. அந்தக் கதை எந்த மேஜையிலும் இல்ல.

நண்பன்கிட்ட சொன்னேன்: உள்ளூர் பூவே போதும்டா.