கோவிந்தன்மார் ஓடுகிற வழி

குமரி மாவட்டத்தில் சிவராத்திரிக்கு ஓடுகிற சிவாலய ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பன்னிரண்டு கோயில்களின் பெயரை வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த வழியை இத்தனை தலைமுறையாகக் காத்தவர்கள் வழியோரத்து ஆட்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பாதி மனிதன், பாதி மிருகமான சிவபக்தன் புருஷாமிருகம் துரத்தி வர, பீமன் கோவிந்தா கோபாலா என்று கூவிக்கொண்டு ஓடினான் என்பது கதை. அதைத் தடுக்க அவன் ருத்ராட்சம் வைத்த இடமெல்லாம் சிவாலயம். அந்தக் கூவலால்தான் சிவனைப் பார்க்க ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்கிறோம். 1956 நவம்பர் 1-இல் இந்த வழி போகிற கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஓட்டத்தில் ஒன்றும் மாறவில்லை.

பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவது திற்பரப்பு, நாலாவது திருநந்திக்கரை, ஐந்தாவது பொன்மனை. இவற்றுக்கு நடுவே எங்கள் குலசேகரம். திருநந்திக்கரைக் குடைவரையில் ராஜராஜனின் கல்வெட்டு இருக்கிறது. முட்டம் ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பேரிட்டு, தன் பிறந்தநாளான சதய நாள் விழாவுக்காக இந்தக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறான். ராஜா கொடுத்தது கல்லில் இருக்கிறது. ஓடி வருகிறவர்களுக்குச் சுக்கு வெள்ளம் கொடுத்தவர்களின் கணக்கு எங்கும் இல்லை.

என் வீட்டுக்காரி வருஷந்தோறும் அதைக் காய்ச்சிக் கொடுத்தவள். அவள் போன பிறகு நான் யார் முகத்திலும் விழிக்கவில்லை. ரப்பர் பால்வெட்டு அதற்கு வசதியான தொழில். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போனால் பேச்சே வேண்டாம். சாயாக்கடைக்கும் போகவில்லை, துட்டி வீட்டுக்கும் போகவில்லை. தங்கச்சி வந்து தட்டினாலும் கதவைத் திறக்கமாட்டேன்.

ஒரு சிவராத்திரி அன்று காலையில் வாசலில் ஒரு பையன் நின்றான். ஈர வேட்டி, கையில் ஓலை விசிறி, பாதம் வெடித்திருந்தது. "அண்ணா, இச்சிரி வெள்ளம் தாருங்கோ" என்றான். கொடுத்தேன். குடித்துவிட்டு, கோவிந்தா என்று ஓடிவிட்டான். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்களுக்குத்தான் எனக்குப் பதில் இல்லாமல் இருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மறு வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுக்கு வெள்ளம் காய்ச்ச என் வீட்டுக்காரியின் பெரிய பானையைக் கேட்டு வந்தார்கள். எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். சுக்கோடு நல்லமிளகையும் தட்டிப் போடவேண்டும், கருப்பட்டியைக் கடைசியில்தான் சேர்க்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது பைக்கிலும் வேனிலும் சுற்றிவிடுகிறவர்கள் அதிகம். அவர்கள் நிற்பதில்லை. ஓடி வருகிறவர்கள் குறைந்தாலும் பானை சின்னதாகக் கூடாது என்று நான் சண்டை போடுகிறேன். மாசி பிறந்ததும் விறகுக்கு ஒருவன், டம்ளருக்கு ஒருவன் என்று பிரித்துக்கொள்வோம். கருப்பட்டி வாங்குவது என் பொறுப்பு. அதற்காகத் தங்கச்சி வீட்டுக்கும் போய்க் காசு பிரிக்கிறேன்.