சாசேஜ் ஏன் பிங்க்கா இருக்கு?

சிக்கன் சாசேஜோ சலாமியோ வாங்கினா, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் பொடி எழுத்துல சோடியம் நைட்ரைட், இல்லைன்னா 250-ங்கிற எண் இருக்கும். அது உள்ளே வந்த கதைதான் இன்னிக்கு.

தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க், 1800-களின் தொடக்கம். நெப்போலியன் போர்கள் விட்டுப்போன வறுமை. சாசேஜ் சாப்பிட்ட சிலருக்குக் கண் இமை தொங்கியது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, விழுங்க முடியவில்லை. கடைசியில் மூச்சு நின்றது. அதுவரை நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை.

யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர், கவிஞரும்கூட, 1822-இல் 155 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். கெட்ட சாசேஜின் சாறை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை, தன் நாக்கிலும் சில சொட்டு விட்டுக்கொண்டார்! (இப்ப எந்த எதிக்ஸ் கமிட்டியும் விடாது.) காற்றில்லாத இடத்தில் விஷம் உருவாகிறது, நரம்பைத் தாக்குகிறது என்று சரியாகவே பிடித்தார்.

காரணம் ஒரு பாக்டீரியா என்பது 1895-க்குப் பிறகுதான் தெரிந்தது. பெல்ஜியத்தில் ஒரு சாவுக்கு வாசிக்க வந்த பேண்டுக்காரர்கள் ஹாம் சாப்பிட்டார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம் கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயின் பெயர் பாட்டுலிசம். லத்தீனில் 'பாட்டுலஸ்' என்றால் சாசேஜ். போடாக்ஸ் ஊசியில் இருப்பதும் இதே விஷம்தான்.

அந்தக் கிருமியை வளரவிடாமல் தடுப்பது நைட்ரைட். பல நூறு வருஷமா இறைச்சியில் வெடியுப்பு தடவியது நிறத்துக்கும் கெடாமல் இருக்கவும். அது இறைச்சியிலேயே நைட்ரைட்டாக மாறியது யாருக்கும் தெரியாது. 1925-இல் அமெரிக்க விவசாயத் துறை நைட்ரைட்டை நேரடியாகச் சேர்க்க அனுமதித்தது.

ஆனா அதே நைட்ரைட்டிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் உருவாகலாம். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைக் குரூப் 1-இல் வைத்தது. சிகரெட்டும் அதே குரூப். உடனே 'சாசேஜும் சிகரெட்டும் ஒண்ணு'ன்னு ஃபார்வர்டு பறந்தது. தப்பு. ஆதாரம் எவ்வளவு உறுதின்னுதான் குரூப் சொல்லுது, ஆபத்து எவ்வளவுன்னு இல்ல. அவங்க கணக்கு: தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும். அதாவது 100 பேருக்கு வரும் இடத்தில் 118.

நான் 'தினமும்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறேன். எப்பவாவது பிரியாணிக்குப் பதில் ஒரு ஹாட் டாக் வேற, தினம் லஞ்ச் பாக்ஸில் சலாமி வேற.

'நைட்ரைட் சேர்க்கவில்லை'ன்னு போட்டு விலை கூட்டி விற்கும் பாக்கெட்டா? செலரி பவுடர் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அதிலிருந்து வருவதும் இதே நைட்ரைட்தான்.