எண்ணிக்கையும் ஒரு கையொப்பமும்

சங்கக் கூட்டமொன்றில் விதியைத் திருத்த முற்படும்போது, "எத்தனை பேர் கை உயர்த்தினார்கள்?" என்று கேட்கிறோம். வராதவர்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வராதவர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த சபையொன்று நமது நாட்டில் இருந்தது. அச்சபையின் முடிவொன்று நமது கல்முனைத் தொகுதியின் ஆசனத்தையே வெறுமையாக்கிற்று. இளைஞராகிய நம்மில் பலர் அவ்வரலாற்றை அறியோம்.

சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி 1947 இல் அமைந்த பாராளுமன்றத்தில் 30 பேர் கொண்ட செனற் சபை மேற்சபை. பிரதிநிதிகள் சபை கீழ்ச்சபை. பெயரிற் கீழாயினும் வலிமை பின்னதற்கே உரியதாயிருந்தது. நிதி மசோதாக்கள் அங்கேதான் பிறந்தன. செனற் சபை அவற்றை ஒரு மாதத்துக்கு மேல் தடுத்தல் இயலாது. செனற் சபையின் பாதி உறுப்பினரைத் தெரிவு செய்ததும் கீழ்ச்சபையே. தொடக்கத்தில் 101 ஆக இருந்த அதன் உறுப்பினர் தொகை 1960 இல் 157 ஆயிற்று.

சாதாரண மசோதாவுக்கு வாக்களித்தோரின் பெரும்பான்மை போதும். அரசியற்றிட்டத்தைத் திருத்தும் மசோதாவுக்கோ 29 ஆம் பிரிவு இரு பூட்டுக்களை இட்டிருந்தது. ஒன்று, சமுகமளிக்காதோர் உட்பட முழு உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு. அஃதாவது 157 பேரில் 105 பேர். மற்றையது, அவ்வாறு நிறைவேறியதெனச் சபாநாயகர் கையொப்பமிட்டு வழங்கும் அத்தாட்சி.

இக்கையொப்பத்தின் பெறுமதியை இரு வழக்குகள் காட்டுகின்றன. அக்காலத்தில் நமது இறுதி மேன்முறையீட்டு மன்றம் இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் ஆகும். 1964 இல் ரணசிங்க என்பவரின் வழக்கில், இலஞ்ச நியாயசபையினரின் நியமனம் அரசியற்றிட்டத்துக்கு முரணாயிருந்தும் அச்சட்டத்துக்குச் சபாநாயகரின் அத்தாட்சி இல்லையெனக் கண்டு, அந்நியமனம் செல்லாதென அது தீர்த்தது.

மற்றைய வழக்கு நம்மூரைச் சேர்ந்தது. 1959 இல் நியமிக்கப்பெற்ற தல்கொடப்பிட்டிய ஆணைக்குழு, சிலர்மீது சுமத்தப்பெற்ற இலஞ்சக் குற்றச்சாட்டுக்கள் நிறுவப்பட்டன என அறிக்கையிட்டது. அவர்களது குடியியல் உரிமையைப் பறிக்கும் சட்டம் 1965 இல் நிறைவேறிற்று. அதனால் கல்முனை உறுப்பினர் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் ஆசனத்தை இழந்தார். சட்டமன்றம் நீதிமன்றத்தின் தொழிலைச் செய்யலாகாதென அவர் வழக்காடினார். பிரிவிக் கவுன்சில் 1967 இல் அதனை ஏற்கவில்லை. இது தீர்ப்பன்று, சட்டமே. சபாநாயகரின் அத்தாட்சியும் உண்டு என்றது.

இலஞ்சம் தண்டிக்கப்பட வேண்டியதே. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. எனினும், நீதிமன்றத்தில் விசாரணையின்றி, வாக்காளர் அனுப்பிய ஒருவரைச் சபை சட்டத்தால் விலக்கலாமெனின், நாளை எவரை விலக்கும்? அதற்கு வேலி அந்த மூன்றில் இரு பங்கு ஒன்றே. எண்ணிக்கை சிறிதான சமூகத்தவர் அனைவருக்கும், இந்துவாயினும் முஸ்லிமாயினும், அவ்வேலி இன்றியமையாதது.

செனற் சபை 1971 இலும் பிரதிநிதிகள் சபை 1972 இலும் மறைந்தன. இன்று 225 பேர் கொண்ட ஒற்றைச் சபையில் 150 பேரின் ஆதரவும் சபாநாயகரின் அத்தாட்சியும் வேண்டும். சில பிரிவுகளுக்கு மக்கள் தீர்ப்பும் வேண்டும். வராதவர் இன்றும் கணக்கிற் சேர்கிறார். ஆகவே நாம் அனுப்பும் உறுப்பினர் என்ன பேசினார் என்பதோடு, வாக்கெடுப்பு வேளையில் எங்கே இருந்தார் என்றும் கேட்போமாக. அக்கேள்வியை நமது சங்கக் கூட்டத்திலிருந்தே தொடங்குவோம்.